ஒன்றுவிட்ட சித்தப்பாவும் பதினைந்து விநாடியும்

…இல்லை, கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் ஒரு தடவை, வெறும் தண்ணீரில் கை கழுவுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும், நுரை வராது, வாசனை வராது, சுத்தமாகிவிட்டது என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது, நாமாகவே போதும் என்று நினைத்துக் குழாயை மூட வேண்டியதுதான். சோப்பு கூடாது, க்ரீம் கூடாது, சென்ட் கூடவே கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்தால் அதையும் தொப்பிக்குள் அடக்கி வைக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே என் பெண்கள் இருக்கிறார்கள், எள்ளில் பாதி உயரம், நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற சோப்பே அவர்களுக்கு வெள்ளப் பெருக்கு. அம்மா இதற்குத்தான் அலுத்துக்கொள்வாள், வயசுப் பொண்ணு பக்கத்துல வந்தா ஒரு வாசனை வேணாமாடி, நீ என்னடான்னா வடிகட்டின தண்ணி நடந்து வர்ற மாதிரி வர்றே, உன்னை எவன் திரும்பிப் பாப்பான்… திரும்பிப் பார்க்காவிட்டால் போகட்டும் அம்மா, இங்கே நூற்றுக்கணக்கான பேர் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது போதும். அம்மாவை இப்போது நினைக்கக் கூடாது. அதுவும் இன்றைக்கு. முடிவு எண்ணுகிற காலையில்.

நினைக்காமல் எப்படி இருப்பது, காலையில் நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன், அம்மா ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏய், என்ன இது, லேபிள் கோணலா ஒட்டியிருக்கு, கண்ணை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா, நாலு பேர் பாக்கிற சாமான்னு நினைப்பு வேணாமா… பிறகு என் பக்கம் திரும்பி, குரலை மாற்றி, எப்படிடி, கொஞ்சம் அதிகாரம் வந்திருக்கா என்று கேட்கிறாள். ஃப்ரிட்ஜ் நடுங்குதும்மா என்றேன். அது எப்பவும் நடுங்கும், உன்னைக் கேட்டா உருப்படியா ஒரு பதில் கிடையாது என்று மறுபடியும் ஃப்ரிட்ஜிடமே போய்விட்டாள். திட்டிப் பழகுகிறாள், பாவம், ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகச் சூப்பர்வைசர் ஆகப்போகிறாள், ஆகலாம், ஆனால்… அந்த ஆனால் எங்கே இருக்கிறது என்றால், அம்மாவின் தொழிற்சாலை புதிதாக ஒரு திரவம் செய்திருக்கிறது, துணியை மிருதுவாக்குகிற திரவம், மில்காரர்கள் பெரிய தொட்டிகளில் கலந்து துணியை முக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை வடிகாலில் விடுவார்கள், வடிகால் ஆற்றுக்குப் போகும், ஆற்றில் இருக்கிறவர்கள் யாரையும் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியது எங்கள் ஆய்வகம். பழைய திரவத்தின் பீப்பாயில் செத்த மீன் படம் ஒட்ட வேண்டும், அதனாலேயே மில்காரர்கள் இப்போது முகத்தைச் சுளிக்கிறார்களாம். புதியது மீன் படம் இல்லாமல் தேறிவிட்டால் அதற்கென்று தனிப் பிரிவு, பிரிவுக்கு அம்மா தலைவி. தேறாவிட்டால் தனிப் பிரிவு கிடையாது, ஃப்ரிட்ஜோடு சரி.

அந்த மீன் எனக்குக் குடும்ப நண்பர் மாதிரி. சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் ஒரு பட்ட மரம், பக்கத்தில் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஒரு மீன், தண்ணீரில் ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம், எனக்கோ அது பள்ளிக்கூட நோட்டு அட்டை. அச்சுப் பிசகிய லேபிள் தாள்களை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள், என் புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் உறை, வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பூவும் பொம்மையும் போட்ட உறையோடு வரும்போது நான் மட்டும் செத்த மீன்களோடு போவேன். வருத்தமா, அதெல்லாம் இல்லை, ஒரு பேனா கிடைத்தால் போதும், மரத்துக்கு இலை வைப்பேன், மீனுக்குக் கண்ணைத் திறந்துவிடுவேன், மீசை, மூக்குக்கண்ணாடி, சில சமயம் குடை. கணக்குப் புத்தகத்து மீன் சிகரெட் பிடித்தது, அதற்காக முழங்கால் போட்டிருக்கிறேன். செத்ததைப் பிழைக்க வைக்க ஒரு பேனா போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்… இப்போதும் கையில் பேனாதான் இருக்கிறது. சட்டைப் பையில். எடுக்கக்கூட இல்லை இன்னும்.

சரி, கதவு. உள்ளே எப்போதும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர்ச்சி, வெளியே மழையோ வெயிலோ இவர்களுக்கு என்றைக்கும் இளவேனில். நீர்த்தெள்ளு என்று பெயர், தெள்ளு என்றதும் சொறிந்துகொள்ள வேண்டாம், கடிக்காது, கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே இதயம் துடிப்பது தெரியும், தின்ற பாசி பச்சைக் கோடாக இறங்குவது தெரியும், மறைக்க ஒன்றும் இல்லாத ஜென்மங்கள். கொம்பு இரண்டும் கை மாதிரி, அதை வீசி வீசித்தான் நீந்தும், நீந்துவது என்ன, குதிக்கும், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. எல்லாருமே பெண்கள். தாய் தனியாகவே மகள்களைப் பெறுகிறாள், மகள் தனியாகவே பேத்திகளை, ஆண்பிள்ளை என்று ஒருத்தன் தொட்டியில் தலைகாட்டினால் உடனே தொட்டியைச் சோதிப்போம், ஏதோ சரியில்லை, கூட்டம் அதிகம் அல்லது சாப்பாடு குறைவு என்று அர்த்தம். நிம்மதியா இருக்கிற வரைக்கும் ஆம்பளையே தேவைப்படலைங்கிறாங்க இவங்க, என்று இதை முதல் முதலில் கேட்ட அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேலை என்னவோ எளிது. தட்டில் ஆறு வரிசை, வரிசைக்கு நாலு பீக்கர், பீக்கருக்கு ஐந்து பெண்கள், பிறந்து ஒரு நாள்கூட ஆகாதவர்கள். முதல் வரிசையில் வெறும் தண்ணீர், அடுத்தடுத்த வரிசைகளில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். இரண்டு நாள் விட்டு, பீக்கரை மெல்ல ஒரு சுழற்று சுழற்றி, பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தினால் தேறியவள். நீந்தாவிட்டால் நின்றுவிட்டவள், கொம்பை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தாலும் நின்றவள் கணக்குத்தான். பதினைந்து விநாடி, அவ்வளவுதானா என்று கேட்டாள் அம்மா, எனக்கே காலையில எழுந்திரிக்க அரை மணி நேரம் ஆகுது, சின்னப் பிள்ளைங்க, மருந்தைக் குடிச்சிட்டுக் கிடக்குது, பதினஞ்சு விநாடிதான் குடுப்பீங்களா, மனசாட்சி உள்ளவங்கதானா நீங்கள்லாம்… விதி அப்படி அம்மா. அந்தப் பதினைந்தை எண்ணுவதற்கு எங்கள் மேடம், இந்தப் பிரிவின் தலைவி, ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஸ்டாப் வாட்சைப் பார்த்தால் கண் பீக்கரை விட்டுப் போய்விடும், கண் போன நேரத்தில்தான் அந்தப் பெண் ஒரு குதி குதித்து அடங்குவாள். அதனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாட்டு மாதிரி, சொல்லி முடித்தால் சரியாகப் பதினைந்து விநாடி ஆகிற மாதிரி, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேடம் வாட்சை வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பார். மேடத்துக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு. பாசிக்கு டீ போடுகிற முறை. எனக்குச் சொந்தக்காரர்கள். அம்மா, அப்பா, அக்கா, அத்தான், அண்ணன், அண்ணி, பெரியப்பா, பெரியம்மா, சித்தி, சித்தப்பா, பெரிய மாமா, சின்ன மாமா, பெரிய அத்தை, நடு அத்தை, சின்ன அத்தை. விநாடிக்கு ஒருத்தர். சின்ன அத்தை வந்துவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

பாசி என்பது ஆள். தெள்ளுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்க்கிறவன், எதிர் மேசை, பச்சைப் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், அவன் சட்டையில்கூட நாளாக நாளாக ஒரு பச்சை ஏறிவிட்டது. என்ன தெள்ளம்மா, இன்னிக்கு உள்ள நுழைஞ்சதும் பிள்ளைங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லல, வீட்ல சண்டையா, என்றான். உன் பாசியைப் பாரு நீ, என்றேன். என் பாசிக்கு என்ன, அது பாஸ், உங்க அந்தப் பாட்டிலுக்கு என் பக்கம் பாஸ் போட்டு ஒரு வாரம் ஆச்சு, மீனும் பாஸ், இனிமே உன் பொண்ணுங்கதான், மாமியார் மாதிரி முறைக்காம எண்ணி முடி என்றான். அதுதான், அதேதான், மீன் தேறிவிட்டது, பாசி தேறிவிட்டது, பாக்கி இருப்பது இந்தத் தட்டு ஒன்று மட்டும், இதில் பாதிப் பேர் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்… பாசிக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும், யார் அனுப்பினார்கள் என்பது எண்ணுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது, அது இங்கே சட்டம். எனக்கு மட்டும் தெரியும்.

மூக்குதான் காரணம். கரைசல் கலந்த அன்றைக்கு மூடியைத் திறந்தேன், புதுச் செருப்பும் பழுத்துப்போன கொய்யாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், ஏனென்றால் அது அம்மாவின் தலைமுடி. கொஞ்ச நாளாக அம்மா வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் சோபாவில் தொப்பென்று உட்காரும்போது வருகிற வாசனை, என்னம்மா இது என்று கேட்டால் புதுச் சரக்குடி, ஏன், நல்லாயில்லியா, என்பாள். உடனே மூடியை மூடிவிட்டு மேடத்திடம் போய், மேடம், இது எங்கம்மா வேலை பாக்கிற இடத்துச் சரக்கு, என்னை விட்டுடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, திருட்டு எண்ணமா, சத்தியமாக இல்லை, என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டு நாளாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவே ஒரு மாதிரியாக இல்லையா… பரீட்சை மண்டபத்து வாசலில் அம்மாக்கள் நிற்பார்களே, உள்ளே போய் எழுதிக் கொடுக்கவா போகிறார்கள், சும்மா, பக்கத்தில் இருக்கலாமே என்று, அந்த மாதிரி. எனக்காக அம்மா எத்தனை வாசலில் நின்றிருக்கிறாள், ஒரு தடவை நான் நிற்கிறேன், அவ்வளவுதான். ஆனால் வாசலில் நிற்கிறவர்கள் கையில் விடைத்தாளைத் திருத்துகிற பேனா இருக்காது.

எண்ணு. முதல் வரிசை, வெறும் தண்ணீர். சுழற்று, அம்மா அப்பா அக்கா அத்தான்… அத்தான் வருவதற்குள்ளேயே ஐந்து பேரும் மேலும் கீழும் குதிக்கிறார்கள், நாலு பீக்கரும் அப்படியே, இரண்டு நாள் பட்டினி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது வரிசை, ஒருத்தி நின்றுவிட்டாள். மூன்றாவதில் மூன்று பேர். கடைசி இரண்டு வரிசையிலும் சுழற்றினால் தூசி மாதிரிச் சுழன்று மெல்ல அடியில் படிகிறார்கள், ஒரு இதயம்கூட… வேண்டாம், கணக்கை மட்டும் எழுது. எல்லாரும் நின்றாயிற்று. நான் அந்த நாலாவது வரிசையைத் தாண்டிப் போய்க் கடைசியை முதலில் எண்ணிவிட்டேன், பந்தியில் பிடிக்காததை ஒதுக்கி வைக்கிற மாதிரி… பிடிக்காததையா, பிடித்ததையா. நாலாவது வரிசைதான் கோடு. ஒரு பாட்டில் தண்ணீரில் ஒன்றரைச் சர்க்கரைப் பருக்கை அளவு மருந்து. இந்த வரிசையின் இருபது பேரில் பத்துப் பேர் நின்றுவிட்டால் லேபிளில் மீன் வந்துவிடும். ஒன்பது என்றால் மீன் கிடையாது, எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே அந்த ஆற்றில் ஒன்றும் பெரிதாக மாறிவிடாது, எனக்குத் தெரியும், ஒன்பது பேர் கீழே கிடக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை, அதையும் அந்த எழுத்து சொல்லும், படிக்கிறவன் படித்தால். ஆனால் எங்கேயாவது ஒரு கோடு போடத்தானே வேண்டும், கோடு போட்டால் அதன் மேலேயே ஒருத்தி வந்து உட்காரத்தான் செய்வாள்.

முதல் பீக்கரில் மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் இரண்டு. ஏழு. நாலாவது பீக்கரைக் கையில் எடுத்தபோது என் இதயமும் வெளியே தெரிகிறதோ என்று பாசியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன், அவன் கொதிக்குது, தூள் போட்டாச்சு, மூடி வை என்று தன் பாட்டில்களுக்குள் இருந்தான். சுழற்றினேன். இரண்டு பேர் உடனே கிளம்பிவிட்டார்கள், நல்ல பிள்ளைகள். இரண்டு பேர் அடியில், அசைவில்லை, ஒன்பது. ஐந்தாமவள்… ஐந்தாமவள் பீக்கரின் நடுவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறாள், கொம்பை ஆட்டுகிறாள், ஆட்டுகிறாள், போகவில்லை, பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்கள் கையை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடியும் தூங்குவார்களே, அந்த மாதிரி. பெரியப்பா, பெரியம்மா, சித்தி. எழுந்திரும்மா. சித்தப்பா, பெரிய மாமா. எங்கம்மா காலையில ஃப்ரிட்ஜைத் திட்டிட்டு இருக்கா, உனக்குத் தெரியுமா, அவ ஒரு தடவைகூட யாரையும் திட்டினதில்ல, எல்லாரும் அவளைத்தான்… சின்ன மாமா, பெரிய அத்தை. கொம்பு ஆடுகிறது, ஆடினால் போதாதே. நடு அத்தை. சின்ன அத்தை. ஒன்றுவிட்ட சித்தப்பா. அவர் சம்சாரம். கிளம்பிவிட்டாள். ஒரே எத்து, தலைக்கு மேலே போய், திரும்பி, அடுத்த எத்து, என்னமோ இத்தனை நேரமும் சும்மா விளையாட்டுக்குப் படுத்திருந்த மாதிரி. ஒன்பது. ஒன்பதேதான். பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், சிரிப்புகூட வந்துவிட்டது… ஒரு நிமிஷம்.

யார் அது, ஒன்றுவிட்ட சித்தப்பா?

பட்டியலில் அவர் கிடையாதே. சின்ன அத்தையோடு கதவு சாத்தியாயிற்றே. அவரை யார் கூப்பிட்டது… அவரை யாருமே கூப்பிடுவதில்லை, அதுதான் அவர் குணம், குடும்பப் படம் எதை எடுத்தாலும் ஓரத்தில் அரைத் தோளோடு நின்றுகொண்டிருப்பார், பக்கத்தில் சம்சாரம், இரண்டு பேரும் பந்திக்கு மட்டும் முதல் ஆளாக வருவார்கள். இன்றைக்கு என் தலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டார், அதுவும் எந்த பீக்கரில், சரியாக இந்த பீக்கரில். அவர்களாக வரவில்லை, நான்தான் பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், குஞ்சுக்கும் தன் காக்கை பொன் காக்கைதான் போலிருக்கிறது. அவள் எப்போது கிளம்பினாள், அத்தையிலா, சித்தப்பாவிலா, அவர் சம்சாரத்திலா… சம்சாரத்தில்தான், எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் அவள் நின்றவள். அப்படியானால் பத்து. மறுபடியும் சுழற்றிப் பார்க்கலாமா, இந்தத் தடவை அண்ணியிலேயே கிளம்பினாலும் நான் நம்புவேனா, என் எண்ணிக்கையை நானே நம்ப முடியாத கையில் பேனா எதற்கு. மொழிபெயர்ப்பு நாவல்களில் வருகிறவர்கள் இந்த இடத்தில் ஜன்னலருகே போய்ப் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டு நாலு பக்கம் யோசிப்பார்கள், இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. பேனாவை மூடினேன். போனேன்.

மேடம் தாழ்வாரத்தில் காலிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன், வாசனை, அம்மாவின் தலைமுடி, இரண்டு நாள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து முடிப்பதற்குள் நான் அம்மாவில் ஆரம்பித்துச் சின்ன அத்தை வரைக்கும் போய்விட்டு வந்தேன். மூக்கை வச்சே கண்டுபிடிச்சியா, என்றார். ஆமா மேடம். மூக்குக்குச் சம்பளம் கூட்டிக் குடுக்கணும், வாய்க்கு வெட்டணும், வாசனை வந்த அன்னிக்கே திறந்திருக்க வேண்டிய வாய்தானே அது… மன்னிச்சிருங்க மேடம். எழுதிட்டியா? இல்ல, அந்த வரிசை மட்டும் எழுதல. ஏன் எழுதல? சித்தப்பா என்று எப்படிச் சொல்வது. சரி, வா, நீ எண்ணினதை எல்லாம் அடிச்சிடலாம், பாசி பாக்கட்டும், அவனுக்கு எதுவும் தெரிய வேணாம், என்றார், குரலில் கோபம் இருந்தது, ஆனால் கோபத்தின் ஓரத்தில் ஏதோ ஒன்று சிரிக்கவும் செய்தது, இல்லை, அது என் ஆசையோ என்னவோ, இன்றைக்கு என் கண்ணை எதற்குமே நம்புவதாக இல்லை.

தம்பி, இவளுக்குக் கண்ணு எரியுதாம், நீ எண்ணு, என்று மேடம் பாசியைக் கூப்பிட்டார். தட்டில் இருந்த பீக்கர்களை வரிசை மாற்றிக் கலைத்து வைத்தார், அடியில் இருக்கிற எண்ணை அவர் மட்டும் பார்த்துக்கொண்டார். பாசி கையை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டே, கண்ணு எரியாம என்ன செய்யும், ராத்திரி பூரா கதைப் புத்தகம், பகல் பூரா பிள்ளைங்களை முறைக்கிறது, என்றான். உன் டீ எல்லாம் வேணாம், நான் வாட்சைப் பிடிக்கிறேன், என்றார் மேடம், எதற்காக அப்படிச் சொன்னார் என்று பாசி கேட்கவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். சுவரில் கண் கழுவுகிற முறை படமாக ஒட்டியிருக்கிறது, படத்தில் இருக்கிறவருக்கு மீசை இல்லை, பேனா சட்டைப் பையில் இருக்கிறது, சே, கை துறுதுறுக்கிறது. இப்போ, என்றார் மேடம்.

சும்மா நிற்க முடியுமா, உதடு அசையாமல் நானும் ஆரம்பித்தேன். அம்மா, அப்பா, அக்கா, அத்தான், எது அந்த பீக்கர், இதுவா, இருக்காது, அண்ணன், அண்ணி, தினமும் சொல்கிற வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது, சித்தி, சித்தப்பா, மாமாக்கள், அத்தைகள், சின்ன அத்தை. முடிந்தது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பாசி மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. எங்கே சத்தத்தைக் காணோம் என்று நான் நினைத்து, வேறு வழியில்லாமல், ஒன்றுவிட்ட சித்தப்பாவை உள்ளே விட்டு, பின்னாலேயே அவர் சம்சாரமும் வந்து செருப்பைக் கழற்றும்போது… போதும், என்றார் மேடம். அஞ்சும் நீச்சல், என்றான் பாசி.

தற்செயல். அடுத்த பீக்கர். இப்போ. இந்தத் தடவை வேண்டுமென்றே கவனித்துச் சொன்னேன், சின்ன அத்தை வந்து நின்றாள், அறை அமைதியாக இருந்தது, சித்தப்பா, சம்சாரம், போதும். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் வேகத்தைக் குறைத்து, சேர்ந்த முதல் நாள் மேடத்துக்கு முன்னால் பயந்து பயந்து ஒவ்வொருவரையும் முகம் நினைவு வைத்துச் சொன்னேனே, அந்த மாதிரிச் சொன்னேன், அம்மாவின் முகம், அப்பாவின் பேப்பர், அக்காவின் கொலுசு… சின்ன அத்தையும் போதும் என்ற சத்தமும் ஒன்றாக வந்து வாசலில் இடித்துக்கொண்டன. பாசி எண்ணிக்கொண்டே போனான், ஒண்ணு நின்னாச்சு, எல்லாம் நின்னாச்சு, மூணு நின்னாச்சு, ரெண்டு. பிறகு ஒரு பீக்கரில் அவன் குரல் கொஞ்சம் இழுத்தது, ரெண்டு நின்னாச்சு மேடம், ரெண்டு போயாச்சு, இது ஒண்ணு… இது ஒண்ணு… கையை ஆட்டிட்டே கிடக்குது, இரு இரு, ஆ, போயிட்டா, கடைசி பஸ்ஸை ஓடிப் பிடிச்சு ஏறின மாதிரி ஏறிட்டா மேடம். போதும், என்றார் மேடம், அவன் சொல்லி முடித்த பிறகுதான் என்றார். பின்னால்தான். நான் கேட்டேன்.

மேடம் எழுதுகிற சத்தம். பேனா ஒரு இடத்தில் நின்று, கூட்டி, மறுபடியும் ஓடியது. திரும்பிக்கோ, என்றார். தாளை என்னிடம் காட்டவில்லை, ஆனால் நடுவே ஒரு பெரிய ஒன்பது, மேடம் ஒன்பதுக்கு எப்போதும் வால் நீளமாகப் போடுவார், எதிரே நின்றபடி தலைகீழாகவே படித்துவிட்டேன். ஒன்பது. மீன் இல்லை. அம்மா, ஃப்ரிட்ஜுக்கு இன்றையோடு விடுதலை, இனி நிஜ ஆள்களைத் திட்டலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது, தொழிற்சாலைக்குத் தாள் போய், தாள் மேலே போய்க் கீழே வந்து, நீ ஒரு சாயங்காலம் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து என்னிடம் சொல்கிற வரைக்கும் நான் ஒன்றும் தெரியாத வடிகட்டின தண்ணீர். குதிக்கலாம் போல இருந்தது. மேலும் கீழும், கொம்பை வீசி. போய் டீ குடி, முகத்தைப் பாரு, கண்ணு எரியற முகமா அது, என்றார் மேடம்.

மேடம், இன்னொரு விஷயம், என்றேன். இன்னும் என்ன, உங்கப்பா வேற எங்கயாவது வேலை பாக்கிறாரா? இல்ல மேடம், சித்தப்பா… எந்தச் சித்தப்பா? ஒன்றுவிட்ட சித்தப்பா. பாசி பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். மேடம் என்னையும் கையிலிருந்த ஸ்டாப் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார், அதைச் சட்டென்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை, வெறுமனே கையில் வைத்திருந்தார், எனக்காகக் காத்திருக்கிற மாதிரி. சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது… அம்மாவுக்காக இழுத்து எண்ணினேன் என்று நான் பயந்தேனே, அந்த ஒரு பீக்கருக்குத்தான் சரியாக எண்ணியிருக்கிறேனா, பாரபட்சம் பார்த்த ஒரே தடவைதான் நியாயமாக இருந்திருக்கிறேனா, அப்படியென்றால் மற்றவர்கள், போன வாரத்துக் கோந்து, அதற்கு முன் அந்த நீலச் சாயம், எந்த அம்மாவின் வாசனையும் வராத அத்தனை பாட்டில்கள், எப்போதிருந்து எனக்கு அவசரம், எத்தனை பேர் அந்தச் சின்ன அத்தைக்கும் போதுமுக்கும் நடுவே கிளம்பலாம் என்று கொம்பை ஓங்கியிருப்பார்கள். சுவரோரம் கம்பி அலமாரியில் பழைய பீக்கர்கள் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன, பளபளவென்று, நுரை இல்லை, வாசனை இல்லை, ஒரு சாட்சியும் இல்லை. பதினஞ்சு விநாடி, அவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். அந்த அவ்வளவையாவது நான் கொடுத்தேனா…